காத்து இல்லைன்னு வெச்சுக்குவோம்

பயப்படாதீங்க, இது துப்பாக்கி இல்லீங்க. நாசிலுங்க. தண்ணி பீச்சறதுக்குக் குழாய் முனையில மாட்டறது. பித்தளை. கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறையில சொல்லிக் கடைஞ்சது. பை பத்தலை, அதான் தலையை வெளிய நீட்டிட்டு நிக்குது. உங்க முட்டியில இடிக்குதுங்களா? இருங்க, திருப்பி வெச்சுக்கறேன்.

ஷட்டரை மட்டும் எறக்காதீங்க, புண்ணியமாப் போகும். எனக்கு அந்தக் காத்து வேணும். கையில சின்னதாச் சுத்துதே, இது காத்து வேகம் பாக்கற கருவிங்க. ஓடற பஸ்ல நீட்டுனா பஸ் வேகம்தான் காட்டும்னு எனக்கும் தெரியும். நான் புரபசர். இருந்தாலும் ஒரு பழக்கமாப் போச்சு. ஆனி மாசத்துல இருந்து எங்க போனாலும் இதை நீட்டிப் பாத்துட்டே இருக்கேன். மொட்டை மாடியில தெனமும் நிக்கறேனா, பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனைச்சுட்டாரு.

நீங்க எங்க வரைக்கும்? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் கரட்டுப்புதூர் கோயில் ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். நிசமாப் போக வேண்டியது அதுக்கு முந்தின ஸ்டாப்பு. காலனி ஸ்டாப்பு. ஆனா அங்க எறங்குனா பஸ்ல பாதிப்பேரு பாப்பாங்க. முன்னால மூணாவது சீட்டுல மஞ்சப்பையோட ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க, அவரு என் மாமனாருக்குப் பங்காளி. அவரு பாத்தாருன்னா நான் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும். அதனால கோயில் ஸ்டாப்ல எறங்கி, டீக்கடைக்குப் பின்னாடி பூந்து, வாய்க்கால் மேட்டு வழியாத் திரும்பி நடந்துக்கலாம்னு இருக்கேன். ஏன் இப்படித் திருடனாட்டப் போறேன்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்றேன், வழி நீளம் இருக்குது.

பேரு அர்த்தநாரிங்க. சொந்த ஊரு ஈரோடு டவுனு. முப்பத்தொரு வருசமா என்ஜினியரிங் காலேஜ்ல பாய்ம இயக்கவியல் நடத்தறேன். அதாவது தண்ணியும் காத்தும் எப்படிப் போகும்னு கணக்குப் போடற பாடம். ஆசைப்பட்டு எடுத்தேன்னு நெனைக்காதீங்க. எனக்குப் பாலம் கட்டற படிப்புதான் படிக்கோணும்னு இருந்துச்சு. மேல்படிப்புக்கு வரிசையில நின்னேன். எனக்கு முன்னால நின்னவனோட அந்த சீட்டு முடிஞ்சுருச்சு. கிளார்க்கு நிமிந்து கூடப் பாக்காம, "தண்ணியில ஒன்னு காலியிருக்கு, வேணுமா?"ன்னாரு. சரின்னேன். என் ஆராய்ச்சி வாழ்க்கை அப்படித்தான் தொடங்குச்சு. அப்புறம் வேலை காலியிருந்துச்சு, சேந்தேன். பொண்ணு இருக்குதுன்னாங்க, பாத்தேன். சீனியாரிட்டி வந்துச்சு, புரபசர் ஆனேன். யோசிச்சுப் பாத்தா நானா முடிவு பண்ணுன காரியம்னு ஒன்னைச் சொல்றது கஷ்டம்.

டாக்டர் பட்டத்துக்கு நான் பண்ணுன ஆராய்ச்சி என்ன தெரியுங்களா? பீச்சி அடிக்கற தண்ணி, குறுக்கால காத்து அடிச்சா எப்படிச் சிதறும்னு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி சிரிக்கறதுக்கு உதவும். வருசக்கணக்கா உக்காந்து பண்ணுனேன். அத்தனை வருசத்துல ஒருநாள் கூட என் சட்டை நனையலீங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல. அங்க காத்துங்கறது நான் தட்டற நம்பரு. அஞ்சுன்னு தட்டுனா அஞ்சு, பத்துன்னு தட்டுனா பத்து. தானா அடிக்கற காத்தை நான் ஆராய்ச்சி பண்ணுனதே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "இது எதுக்குப் பயன்படும்?" நான் "பல எடத்துலயும் பயன்படும் சார்"னேன். அவரு தலையாட்டிட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாரு.

கட்டுரையும் எழுதியிருக்கேன். உலகம் பூராவும் படிக்கற பத்திரிகையில எல்லாம் வந்திருக்கு. அதை மேற்கோள் காட்டுனவங்க யாருன்னு ஒருநாள் எண்ணிப் பாத்தேன். பெரும்பாலும் நானு. மிச்சம் எங்கிட்டப் படிச்ச பசங்க, பாவம், வேற வழியில்லாம. வெளிநாட்டுக்காரர் ஒருத்தரும் எழுதியிருந்தாரு. சந்தோசமாத் திறந்து பாத்தா, என் முடிவு அவரோட சோதனைக்கு ஒத்து வரலைன்னு ஒரு வரி.

கிளாஸ்ல எனக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. கணக்கு ஆரம்பிக்கறப்ப நாங்க சில தொந்தரவுகளை முதல்லயே ஒதுக்கிருவோம். "குழாயில உராய்வு இல்லைன்னு வெச்சுக்குவோம். வெப்பம் மாறலைன்னு வெச்சுக்குவோம். காத்து இல்லைன்னு வெச்சுக்குவோம்." அப்பத்தான் கணக்கு பலகைக்குள்ள அடங்கும். அதனால பசங்க என்னை "வெச்சுக்குவோம்"னு கூப்புடுவானுங்க. "டேய், வெச்சுக்குவோம் வர்றாருடா"ன்னு வராந்தாவுல சொல்றது என் காதுலயே விழுந்திருக்கு. கோவம் வரலை. காதுல விழலைன்னு வெச்சுக்கிட்டேன்.

இந்தப் பெருமையெல்லாம் மாமனார் வீட்டுல செல்லாதுங்க. கரட்டுப்புதூர்ல அவரு பெரிய ஆளு. தோப்பு, காடு, ஊர்ல ஒரு சொல்லு. என்னை ஆளுங்ககிட்ட அறிமுகப்படுத்தறப்ப "நம்ம மாப்ளை, தண்ணி வாத்தியாரு"ம்பாரு. கல்யாணமான புதுசுல காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, "போர் எங்க போடலாம், பாத்துச் சொல்லுங்க மாப்ள"ன்னாரு. அது வேற படிப்புங்க மாமான்னேன். "தண்ணியிலதான டாக்டர் பட்டம் வாங்கியிருக்கீங்க?" "ஆமாங்க." "அப்பத் தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியாதுங்களா?" தெரியாதுன்னேன். அப்புறம் உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நீரோட்டம் பாக்கறவரு ஒருத்தர் நடந்தாரு. தேங்காய் நட்டுக்கிட்டு நின்ன எடத்துல போர் போட்டாங்க, தண்ணியும் வந்துருச்சு. அன்னியில இருந்து அந்த வீட்டுல என் படிப்புக்கு என்ன மரியாதைன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. நல்லாத்தான் கவனிப்பாங்க, கறிச்சோறு, எளநி எல்லாம் வரும். ஆனா ஒரு வார்த்தை எங்கிட்ட யோசனை கேக்க மாட்டாங்க.

அப்படி இருக்கையில போன ஆனியில ஈஸ்வரன் கோயில் கும்பாபிசேகம் வந்துச்சு. மாமனாருதான் கமிட்டித் தலைவரு. மூத்த மச்சினர் செல்வராசு செயலாளர். கோபுரத்து மேல கலசத்துல தீர்த்தம் ஊத்துன உடனே, கீழ நிக்கற சனங்க மேலயும் தீர்த்தம் தெளிப்பாங்க இல்லீங்களா. அதுக்குத்தான சனம் முண்டியடிக்கும். பக்கத்து ஊர்ல தோட்டத்துக்கு மருந்தடிக்கற மிஷினை வெச்சு அடிச்சு, பட்டுச்சேலையெல்லாம் தொப்பலா நனைஞ்சு ஒரே சண்டையாப் போச்சாம். நம்மூர்ல அப்படி ஆகக்கூடாதுன்னு பேச்சு வந்துருக்கு. மச்சினர் எனக்குப் போன் போட்டாரு. "மாப்ள, பன்னீர் தெளிச்ச மாதிரி நைசா விழுகோணும். உங்களால முடியுங்களா?"

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. இருபத்தாறு வருசத்துல அந்த வீட்டுல இருந்து எங்கிட்டக் கேட்ட முதல் கேள்வி அது. அதுவும் நாசில், துளி, சிதறல், எல்லாம் என் ஆராய்ச்சி. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவரு உசுரோட இருந்தா அவருக்கும் ஒரு பத்திரிகை அனுப்பியிருப்பேன்.

கோபுரத்தோட வரைபடத்தை விரிச்சு மச்சினர் வெவரம் சொன்னாரு. கோபுரத்துக்கு நேர் எதிர்ல பந்தல். அதுல பாஸ் வாங்குனவங்க, முன் வரிசையில பெரிய வீட்டுக்காரங்க. முதல் தீர்த்தம் அவங்க தலையில விழுகோணும், அதுதான் ஊர் வழக்கம். பந்தலுக்குக் கிழக்கால பொதுசனம். அதுக்கும் கிழக்கால வாய்க்கால். "வாய்க்காலோட நின்றோணும் மாப்ள. அந்தக் கரைக்கு ஒரு சொட்டு போகக்கூடாது"ன்னாரு. அந்தக் கரையில காலனிக்காரங்க நிப்பாங்க. அவங்களை யாரும் உள்ள வராதீங்கன்னு சொல்றதில்லீங்க, அப்படியெல்லாம் சொல்ற காலமா இது? அவங்க அங்கதான் நிப்பாங்க, அவ்வளவுதான். நான் ஏன்னு கேக்கலை. எனக்கு அப்ப இருந்த சந்தோசமே வேற. எங்க தொழில்ல ஒரு கணக்குக்குத் தெளிவான எல்லை கெடைக்கறது அபூர்வமுங்க. இவங்க வாய்க்காலையே எல்லையாக் குடுத்துட்டாங்க. என்ன சுத்தமான எல்லைன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்.

எல்லை குடுத்தாக் கணக்குப் போடோணும், கேள்வி கேக்கக்கூடாது. அப்படியே பழகிட்டோம்.

ராத்திரி பகலா உக்காந்து கணக்குப் போட்டேன். கோபுரத்து மூணாம் நெலையில வளையமா ஒரு குழாய், அதுல வரிசையா இந்த நாசில். துளி எத்தனை நைசா இருக்கோணும், எத்தனை அழுத்தம், எத்தனை தூரம், எல்லாம் பக்காவா வந்துச்சு. வட்டம் போட்டா வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே அழகா நிக்குது. காத்து மட்டும் பாக்கி. அதையும் விடலீங்க, நேர்ல போயிச் சோதனை பண்ணுனேன். எப்படின்னு கேளுங்க. பிரகாரத்துல நின்னு ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து விரல் நுனியில இருந்து விட்டேன். நேரா என் கால் கட்டைவிரல் மேலயே விழுந்துச்சு. சுத்தியும் இருபதடி மதிலுங்க. மதிலுக்குள்ள காத்து எங்க இருந்து வரும்? நான் கணக்குல எழுதிட்டேன், காத்து இல்லைன்னு.

இப்ப வெளிய பாருங்க. அதோ, அந்தக் காட்டுக்குள்ள. இந்தப் பக்கமும் பாருங்க. எத்தனை காத்தாடி நிக்குது! கண்ணுக்கெட்டுன வரைக்கும் காத்தாலை. பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்தை நம்பி எங்கெங்க இருந்தோ வந்து நட்டு வெச்சிருக்கானுங்க. ஆனி மாசம் இந்த ஊர்ல கொடியில துணி காயப்போட்டாத் தாராபுரத்துல போயித்தான் எடுக்கோணும்னு சொல்லுவாங்க. நான் இந்த ரோட்டுலதான், இந்தக் காத்தாடிகளுக்கு நடுவுலதான், கார்ல காத்து இல்லாத கணக்கை மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். தரையை ஒட்டிக் காத்து நின்னே போயிருக்கும், மேல போகப் போக வேகம் ஏறும். இது ரெண்டாம் வருசப் பசங்களுக்கு நான் வருசா வருசம் நடத்தற பாடம். பரிச்சையில வராத வருசமே இல்லை.

கும்பாபிசேகம் அன்னிக்குக் காலையில சனம்னா சனம். கடம் கோபுரத்துக்கு ஏறிருச்சு. மேல குருக்கள், கீழ மோட்டார் சுவிட்சுல நானு. பட்டு வேட்டி கட்டி, கமிட்டி பேட்ஜ் குத்தியிருக்கேன். மாமனார் பந்தல்ல முன் வரிசையில உக்காந்து, பக்கத்துல இருக்கறவர்கிட்ட என்னைக் கை காட்டி என்னமோ சொல்றாரு. தண்ணி வாத்தியாருன்னு இல்லை, அது மொகத்துலயே தெரிஞ்சுது. அப்பக் கருடன் வந்துச்சு. கோபுரத்துக்கு மேல, ரெக்கையே அசைக்காம, ஒரே எடத்துல நிக்குது. சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டுக் கோவிந்தாங்குது, சிவசிவாங்குது. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். ரெக்கை அசைக்காம ஒரு பறவை நிக்கோணும்னா எதுத்தாப்புல எத்தனை காத்து அடிக்கோணும்? இதையும் ஒரு கணக்கா நான் பரிச்சையில கேட்டிருக்கேங்க. கேட்டுட்டுத் தப்பா எழுதுனவனுக்கு முட்டை போட்டிருக்கேன்.

மேல பச்சைக்கொடி ஆட்டுனாங்க. சுவிட்சைப் போட்டேன்.

தண்ணி என்னவோ பன்னீராட்டத்தான் வந்துச்சு. அதுல ஒரு கொறையும் இல்லை. பந்தல்ல அத்தனை பேரும் ரெண்டு கையையும் தூக்கிட்டு அண்ணாந்து நிக்கறாங்க. அது நேரா அவங்க தலைக்கு மேல வந்துச்சு, வந்து, அப்படியே திரும்புச்சுங்க. வெள்ளையா, மொத்தமா, ஒரு சொட்டு சிந்தாமக் கெழக்க போகுது. பந்தலைத் தாண்டிப் போகுது. பொதுசனத்தைத் தாண்டிப் போகுது. சனமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்குது. வாய்க்காலையும் தாண்டி, அந்தக் கரையில நிக்கறவங்க மேல மழையாட்ட எறங்குச்சு.  அங்க இருந்து ஒரு கொலவைச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, எனக்கு இன்னும் காதுல இருக்கு.

சுவிட்சை நிறுத்தியிருக்கலாம்னு சொல்லுவீங்க. நிறுத்தத் தோணலீங்க. குறுக்குக் காத்துல தண்ணி சிதறறதை வாழ்க்கையிலயே முதல் தடவையா நேர்ல பாக்கறேன். என் ஆராய்ச்சியில போட்ட வளைவு, அச்சு அசலா அதே வளைவு வானத்துல நிக்குது. அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னது தப்புன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வாயைப் பொளந்துட்டுப் பாத்துட்டே நின்னேன். தொட்டி காலியானப்பத்தான் நெனைவு வந்துச்சு. பந்தல்ல ஒரு தலை கூட நனையலை.

சண்டையைப் பத்தி வெவரமா எதுக்கு. முதல் தீர்த்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுந்துருச்சுங்கறதுதான் பேச்சு. அதுலயும் வேணும்னே அடிச்சதா, தவறிப் போனதான்னு ஊரே ரெண்டா நின்னு பேசுச்சு. மண்டல பூஜை நடந்துட்டு இருக்கையில, கோயில் மண்டபத்துல கமிட்டியைக் கூட்டி என்னையும் கூப்புட்டாங்க. மாமனாரு தன்மையாத்தான் பேசுனாருங்க. "மாப்ள, ஒன்னும் பெரிசு பண்ண வேண்டாம். கணக்குத் தப்பிருச்சுன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருங்க. தவறி விழுந்தது தீர்த்தத்துல சேராதுன்னு குருக்களும் சொல்றாரு. ஒரு பரிகாரம் பண்ணிட்டு, நாளைக்கு முறைப்படி மறுபடியும் தெளிச்சுக்கலாம்."

எத்தனை சுலபம் பாருங்க. நெசத்தைச் சொன்னாப் போதும். நான் சொல்லத்தான் எந்திரிச்சேன். சத்தியமா. அப்பப் பின்னாடி இருந்து மச்சினர் செல்வராசு பக்கத்தாள்கிட்டச் சொல்றாரு, மெதுவாச் சொல்றதா நெனைச்சு: "மருந்தடிக்கற பையனைக் கூப்புட்டிருந்தா ஒழுங்காப் பண்ணியிருப்பான். கணக்குப் போடத் தெரியாத ஆளை நம்பி..."

கணக்குப் போடத் தெரியாத ஆளு. என்னை. முப்பத்தொரு வருசம்! பாலம் கட்ட வரலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். போர் பாயிண்ட் பாக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எனக்குன்னு இருக்கறது அந்த ஒன்னே ஒன்னுதானுங்க. மைக்கை வாங்கி, "என் கணக்குல தப்பில்லை"ன்னேன்.

மாமனாரு நிமிந்தாரு. "தப்பில்லைன்னா, தண்ணி எதுக்கு அங்க போச்சு?"

மண்டபம் பூராவும் என்னையே பாக்குது. ரெண்டே வழிதான் இருந்துச்சு. ஒன்னு, நான் கணக்குத் தெரியாத முட்டாளு. இல்லாட்டி, தெரிஞ்சே பண்ணுனவன். நல்லா யோசிச்சுப் பாருங்க, எந்த நல்லவனும் அந்த எடத்துல நியாயம் தர்மத்தைப் பத்தி நெனைச்சிருப்பான். நான் செல்வராசு மூஞ்சியை நெனைச்சேன். "வேணும்னேதான் அடிச்சேன்"னு சொல்லிட்டேன். மைக்கு ஆன்ல இருந்துச்சு. கோயில் ஸ்பீக்கரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கட்டியிருந்தாங்க.

முப்பத்தொரு வருசத்துல என் கிளாஸ் ஒருநாளும் அத்தனை அமைதியா இருந்ததில்லீங்க.

மாமனாரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "பூங்கோதையைக் கூட்டிட்டுக் கெளம்புங்க. இனி இந்த ஊர்ல எறங்குனா என் வீட்டுக்குன்னு எறங்காதீங்க"ன்னாரு. அவ்வளவுதான், ஒரு கெட்ட வார்த்தை கெடையாது.

பூங்கோதைங்கறது என் சம்சாரம். கார்ல போறப்ப, உடுமலை தாண்டுன உடனே கேட்டா.  "ஏனுங்க, வேணும்னேவா அடிச்சீங்க?" நான் ரோட்டைப் பாத்துட்டு "ம்"முன்னேன். அவ சிரிச்சா. "எங்கிட்டயுமா? உங்களை எனக்குத் தெரியாதுங்களா? கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், வேணும்னே ஒரு காரியம் பண்ணியிருக்கீங்களா நீங்க?" அப்படிச் சொல்லிச் சிரிச்சுட்டு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதா. எனக்கு அந்தச் சிரிப்புதான் அதிகமா வலிச்சுது. கொஞ்ச நேரங்கழிச்சு மூக்கைத் தொடைச்சுட்டு, "சொன்னதைத் திருப்பி வாங்கிறாதீங்க"ன்னா. 

தீவாளிக்கு அவ பொறந்த வீட்டுல இருந்து போன் வரலை. அவங்கம்மா மட்டும் தோட்டத்துப் பக்கம் நின்னுக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுவாங்க. பேசி முடிச்சு அவ போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருப்பா. நான் என்ன பண்ணுவேன்? மொட்டை மாடிக்குப் போயிக் காத்து வேகம் பாப்பேன்.

மார்கழி கடைசியில ஒருநாள் காலிங் பெல்லு. திறந்தா ஒரு அம்மா, கையில தாம்பாளம், வெத்தலை பாக்கு, பத்திரிகை. "நான் மயிலாங்க சார், கரட்டுப்புதூர் காலனி. சத்துணவு அமைப்பாளரு"ன்னாங்க. அதுக்குள்ள பூங்கோதை உள்ளிருந்து எட்டிப் பாத்து, "ஏ மயிலா!"ன்னு ஓடி வர்றா. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சாம் ரெண்டு பேரும். திருவிழா வந்தா மட்டும் இவ இந்தக் கரை, அவங்க அந்தக் கரை. கைய ஆட்டிக்குவாங்களாம். எனக்கு இருபத்தாறு வருசத்துல இது தெரியாது. நான் அந்த வாய்க்காலை எல்லைன்னு கணக்குல போட்டு மெச்சிக்கிட்டவன்.

அவங்க காலனி மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிசேகமாம், தையில. நான் வரோணுமாம். எனக்கு ஒரே குஷி. "துளி இந்த முறை எத்தனை நைசா வேணும், கோபுரம் எத்தனை உயரம்?"ன்னு ஆரம்பிச்சேன். "கோபுரமெல்லாம் இல்லீங்க சார். ஒரு ஏணி போட்டா எட்டற உயரம். கொடத்துல ஊத்திக் கையிலயே தெளிச்சுக்குவோம், மிஷின் எதுவும் வேணாங்க. நீங்க வந்து நின்னாப் போதும்"னாங்க. என்னங்க இது? ஒரு நாசில் கூட வேண்டாம்னா நான் எதுக்கு? அப்புறம் அவங்களே சொன்னாங்க. "அன்னிக்கு எங்கம்மா தலையில விழுந்துச்சுங்க. எண்பது வயசு. பொறந்ததுல இருந்து அந்தக் கரையில நின்னு பாத்தவங்க. தொடைக்கவே விடலை, அப்படியே காய வெச்சுக்கிட்டாங்க. ஆனா தண்ணிக்காக நாங்க உங்களைக் கூப்புட வரலை சார். காத்துல கூட வந்திருக்கும்னு எங்க சனத்துல பாதிப்பேரு சொல்லுச்சு. அப்புறம் நீங்க மைக்குல சொன்னது கேட்டுச்சு. உங்க மாமனாரு முன்னாடி, அவங்க கோயில்லயே நின்னுட்டு. அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க வந்திருக்கோம்."

பாத்தீங்களா என் நெலைமையை? தண்ணிக்காகன்னா நான் பேசாமப் போயிருப்பேன். தண்ணி நெசமாப் போச்சு. அவங்க கூப்புடறது அந்த வார்த்தைக்கு. அது ஒன்னுதான் பொய்யி. செல்வராசு மேல இருந்த கடுப்புல வந்த வார்த்தை. சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேங்க, "இல்லீங்கம்மா, அது வந்து..."ன்னு. பூங்கோதை தாம்பாளத்தை வாங்கிக்கிட்டு, "வருவாரு மயிலா. நானும் வர்றேன், காலையில மொத பஸ்ஸுக்கே"ன்னுட்டா. நாளைக்குத்தான் கும்பாபிசேகம், அவ அப்ப வர்றா. நான் இன்னிக்கே போயி நெலவரம் பாக்கறேன்னு கெளம்பிட்டேன். வேண்டாம்னாலும் நாசிலை எடுத்துக்கிட்டேன். இது இல்லாமப் போனா நான் யாருன்னே எனக்குத் தெரியலை.

இதுதாங்க கதை. இப்ப நீங்க சொல்லுங்க. நாளைக்குக் கூட்டத்துல நிறுத்தி மாலை போடுவாங்க. அந்த எண்பது வயசு அம்மா வந்து கையப் புடிக்கும். "அம்மா, அது காத்துங்க, எனக்குக் கணக்குல வராமப் போச்சு"ன்னு சொல்றதா? சொன்னா நான் யோக்கியன். ஆனா தவறி விழுந்தது தீர்த்தத்துல சேராதுன்னு குருக்கள் சொன்னாரே, அந்தம்மா தலையில காஞ்சது அப்புறம் என்ன ஆகும்? சொல்லாட்டி நான் வேஷக்காரன். ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து யோசிக்கறேன். எனக்கு இது பழக்கமில்லாத கணக்கு. எதையும் இல்லைன்னு வெச்சுக்க முடியலை.

நீங்க ஒன்னுமே சொல்ல மாட்டேங்கறீங்க. பரவால்லீங்க. எங்க பசங்களும் இப்படித்தான்.

அதோ, வாய்க்கால் வந்துருச்சு. பச்சையா மேடு தெரியுது பாருங்க, அதுதான் நான் திரும்பி நடக்கப் போற வழி. கோயில் கோபுரமும் தெரியுது. காலனி ஸ்டாப் இப்ப வந்துரும். அந்த வேப்பமரத்துக்குக் கீழ யாரோ நிக்கறாங்க. கொடை புடிச்சுக்கிட்டு. மயிலாவா அது? பக்கத்துல சேர் போட்டு ஒரு வயசான அம்மாவை உக்கார வெச்சிருக்காங்க. அடக் கடவுளே. இந்த வெயில்ல எதுக்குங்க கூட்டிட்டு வந்தாங்க? நான் இன்னிக்கு வர்றேன்னு பூங்கோதை போன் போட்டிருப்பா. நான் கோயில் ஸ்டாப்புக்குப் போயி ஒளிஞ்சு நடந்து வர்ற வரைக்கும் அந்தம்மா இங்கயே உக்காந்திருக்குமே.

விசில் குடுத்துட்டாரு. நிக்குது. அந்தம்மா எந்திரிக்கப் பாக்குதுங்க.

கொஞ்சம் காலை நகத்துங்க. நான் எறங்கறேன். அந்தப் பையை எடுத்துக் குடுங்க. இல்லை, வேண்டாம், நாசில் இருக்கட்டும், நீங்களே வெச்சுக்கங்க, தோட்டத்துக்கு ஆகும். பித்தளைங்க, நல்ல பித்தளை. இந்தாங்க, கையில சுத்தற இந்தக் காத்து வேகக் கருவியும்.

இருங்க கண்டக்டர், விசில் அடிச்சுராதீங்க, ஆள் எறங்குது. ஆமாங்க, கமிட்டித் தலைவரு மாப்ளைதான் நானு. கோயில் ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் வாங்குனேன், தெரியும். அது அடுத்த ஸ்டாப்புன்னும் தெரியும். வணக்கமுங்க பெரிய மாமா, நல்லாயிருக்கீங்களா? மாமாகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க.

இல்லீங்க, தவறி எறங்கலை. வேணும்னேதான்.